இருட்டூர்ல விளக்கு ஏத்தின பொடிச்சி

கொசுவலையை நல்லா சொருகிட்டியா யாழி? காலை வெளியில நீட்டாதே. இப்பவே சொல்லிட்டேன், பாதிக் கதையில தண்ணி வேணும், பாத்ரூம் வருதுன்னு எழுந்தேன்னா பெரியம்மா அங்கயே கதையை நிறுத்திட்டுத் தூங்கிடுவேன். அப்புறம் நீ அழுதாலும் சரி, ஆர்ப்பாட்டம் பண்ணாலும் சரி. ஒழுங்கா ம் கொட்டணும். கொட்டு பாக்கலாம்.

ம்.

இது என்ன ம், கொட்டாவி மாதிரி. சரி போ, கேளு.

ஒரு ஊர்ல ஒரே இருட்டு.

இருட்டுன்னா நம்ம தெருவுல கரண்டு போனா வருமே, அது இல்ல. அதுல யாராவது செல்போன் லைட்டை அடிச்சுக்கிட்டு வந்துடுவாங்க. இது அசல் இருட்டு. கையைக் கண்ணுக்கு நேரா வெச்சாலும் கை தெரியாது. அந்த ஊரு எங்க இருந்துச்சுன்னா, வானத்துல. நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல வெட்டவெளியா கெடக்குல்ல, அங்க ஒரு மேகம் மிதந்துச்சு. மழை மேகம் இல்லடி. காத்தும் கரிப்புகையும் கலந்த மேகம். அந்த மேகம்தான் ஊரு, பேரு இருட்டூர்.

அந்த ஊர்ல முக்காலே மூணு வீசம் பேரு காத்துக்காரங்க. உங்க சயின்ஸ் புஸ்தகத்துல ஹைட்ரஜன்னு போட்டிருக்குமே, அவங்கதான். ரொம்ப லேசானவங்க, பக்கத்துல வந்து நின்னாலும் தெரியாது. மிச்சம் கொஞ்சம் பேரு பொடிக்காரங்க. அடுப்புக்கரியைத் தட்டினா பறக்குமே, அந்த மாதிரி குட்டிக் குட்டித் துகள். குளிரோ குளிரு. நம்ம ஃப்ரிட்ஜுல ஐஸ் வைக்கிற அறை இருக்கே, அது அந்த ஊர்க்காரங்களுக்கு அடுப்படி மாதிரி. அப்படி ஒரு குளிரு.

அந்த இருட்டுல யாரு எங்க இருக்காங்கன்னு எப்படித் தெரியும்? அதுக்கு ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க. ஒருத்தர் "ஓய்"னு கூப்பிடுவாங்க. இருக்கிறவங்க "ம்"னு சொல்லுவாங்க. அவ்வளவுதான், மனசு நிம்மதி ஆயிடும்.

ம்.

அப்படித்தான். அந்த ஊர்ல பொடிச்சின்னு ஒரு பொடிக்காரி. அவளுக்கு ஒரே ஒரு தங்கச்சி, பேரு சாம்பி. ரெண்டு பேருக்கும் அம்மா ஒரு நட்சத்திரம். அந்த அம்மாவுக்கு வயசாகி, உடம்பு ஊதிப் பெருத்து, லொக்கு லொக்குனு ஒரே இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் மேல படிஞ்ச கரி கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து வெளியில பறந்துச்சு. பொடிச்சி முன்னாடியே வந்துட்டா, அதனால அவ அம்மாவோட வெளிச்சத்தைப் பாத்தா. சாம்பி கடைசி இருமல்ல வந்தவ. அவ வந்தப்போ அம்மா மங்கி ஓஞ்சாச்சு. அக்காவும் தங்கச்சியும் இருட்டுலயே கையைப் பிடிச்சுக்கிட்டு மிதந்து மிதந்து இருட்டூருக்கு வந்து சேந்தாங்க. ஒருத்தி மூஞ்சி எப்படி இருக்கும்னு இன்னொருத்திக்குத் தெரியாது.

சாம்பி ஓயாம ஒண்ணையே கேப்பா. வெளிச்சம்னா என்னக்கா, அது எப்படி இருக்கும்? பொடிச்சியும் என்னென்னமோ சொல்லிப் பாப்பா. சூடு மாதிரி இருக்கும், ஆனா தொடாமலே தெரியும்னு சொல்லுவா. சாம்பி, புரியலையேக்கான்னு சொல்லுவா. புரியலைன்னா விடு, எனக்குச் சொல்லத் தெரியலைன்னு பொடிச்சி சிடுசிடுன்னு விழுவா. அவளும் பெரியம்மா மாதிரி கொஞ்சம் முன்கோபக்காரிதான். சிரிக்காதே.

பொடிச்சிக்கு அந்த ஊர்ல ஒரு வேலை இருந்துச்சு. என்ன வேலைன்னா, கல்யாணம் பண்ணி வைக்கிறது. காத்துக்காரங்க தனித்தனியா அலைவாங்க. ரெண்டு பேரு எதிர்ல வந்து டொக்குனு முட்டினா, அந்த வேகத்துல சூடு பொறந்து டபக்குனு ஆளுக்கு ஒரு பக்கம் தெறிச்சுடுவாங்க. சேரவே முடியாது. அதனால பொடிச்சி மடியில வந்து உக்காருவாங்க. ரெண்டு பேரும் கை கோக்குறப்போ வர்ற சூட்டைப் பொடிச்சி தன் உடம்புல வாங்கிக்குவா. வாங்கி, ஃபூனு மெல்ல வெளியில ஊதி விட்டுடுவா. அவங்க ஜோடியா கிளம்பிப் போவாங்க. ஊர்ல பாதிப் பேரு அவ மடியில சேந்தவங்கதான்.

அப்போ என்னாச்சு, ஊரு நெகிழ ஆரம்பிச்சுது. துவைச்சுத் துவைச்சு இழை விட்ட பழந்துணி மாதிரி, மேகம் கொஞ்சம் கொஞ்சமா விலகுச்சு. யாரும் கவனிக்கலை. பொடிச்சி மட்டும் கவனிச்சா. எப்படின்னா, அவளும் சாம்பியும் கையை விட்டு எப்பவோ தள்ளிப் போயிருந்தாங்க. இவ "ஓய்"னா முன்னெல்லாம் "ம்" உடனே வரும். இப்போ தாமதமா வந்துச்சு. ஒரு தடவை கூப்பிட்டுட்டுக் காத்திருக்கா, காத்திருக்கா, வரவே இல்ல. அப்புறம் எங்கயோ தூரத்துல இருந்து நூல் மாதிரி ஒரு "ம்" வந்துச்சு. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துடுச்சு.

இப்படியே விட்டா தங்கச்சி கை நழுவிப் போயிடுவான்னு தெரிஞ்சுபோச்சு. அம்மா நட்சத்திரம் இருமலுக்கு நடுவுல எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. விளக்குங்கிறது வேற ஒண்ணும் இல்லடி, நெருங்கி நின்ன காத்துதான்னு சொல்லியிருந்தா. ஒரு விளக்கு ஏத்திட்டா அதோட இழுப்புல ஊரு கலையாம நிக்கும். சாம்பியும் தன் வாழ்நாள்ல ஒரு தடவை வெளிச்சத்தைப் பாத்துடுவா. பொடிச்சி முடிவு பண்ணிட்டா.

காத்துக்காரங்களுக்குப் பெரியவரு லேசப்பன். பொடிச்சி அவருகிட்ட போய் விஷயத்தைச் சொன்னா. அவரு நக்கலா, உங்க கரிக்கூட்டம் வெளியில இருந்து வர்ற வெளிச்சத்தை எல்லாம் மறைச்சுக்கிட்டு நிக்கிறதாலதானே ஊரே இருட்டா கெடக்கு, இப்போ நீ விளக்கு ஏத்த வந்துட்டியான்னு கேட்டாரு. பொடிச்சிக்குச் சுருக்குனு தச்சுது. ஆனா காரியம் ஆகணுமே, திரும்பத் திரும்பக் கெஞ்சினா. கடைசியில அவரும் சரின்னுட்டாரு, அவருக்கும் ஊரு கலையறது மனசுக்குள்ள தெரிஞ்சுதான் இருந்துச்சு.

அப்புறம் எல்லாரும் நெருங்குனாங்க. தெருவுல நாலு பேரு நின்னு மேல பாத்தா, போறவன் வர்றவன் எல்லாம் வண்டியை நிறுத்திட்டுப் பாக்குறானே, அது மாதிரிதான் இதுவும். கொஞ்சம் பேரு சேந்தாங்க, அவங்க இழுப்புக்கு இன்னும் கொஞ்சம் பேரு வந்தாங்க, அந்தக் கூட்டத்தோட இழுப்புக்கு இன்னும் நிறைய பேரு வந்தாங்க. மொலுமொலுன்னு கூட்டம். நெருங்க நெருங்க நடுவுல கதகதன்னு ஆச்சு. அந்த ஊருக்காரங்க அதுவரைக்கும் கதகதப்புன்னா என்னன்னே கண்டதில்லை. கிறங்கிப் போயிட்டாங்க.

பொடிச்சி தன் வழக்கப்படி சூட்டை வாங்கி ஃபூ, ஃபூனு வெளியில ஊதிக்கிட்டே இருந்தா. லேசப்பனுக்குக் கோபம் வந்துடுச்சு. காலம் காலமா குளிர்ல நடுங்கினவங்க நாங்க, இப்போதான் கொஞ்சம் சூடு கெடைச்சிருக்கு, விளக்குன்னா சூடுதானே, சூட்டைச் சேத்து வெச்சாத்தானே விளக்கு ஆகும், நீ பாட்டுக்கு ஊதித் தள்ளுறியேன்னு கேட்டாரு. கூட்டமே ஆமா ஆமான்னுச்சு. கேக்குறதுக்கு நியாயமாத்தான் இருக்கு, இல்ல? குளிர்ல கெடந்தவங்களுக்கு அப்படித்தானே தோணும். பொடிச்சியும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டா.

அவ்வளவுதான். சூடு ஏறினா காத்துக்காரங்களுக்குக் கை கால் சும்மா இருக்காது. இவன் அவனை இடிக்கிறான், அவன் இவனை இடிக்கிறான், தடதட, தடதட. குக்கர் மூடி தூக்கிக்கிட்டுப் போகுமே, அந்த மாதிரி புஸ்ஸ்ஸ்னு மொத்தக் கூட்டமும் சிதறிப் போச்சு. கிட்ட வந்திருந்த சாம்பி முன்னை விடத் தூரமா போய் விழுந்தா.

பொடிச்சி கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு போனா. "ம்" வந்து சேர்ற வரைக்கும் அவ உசுரு அவகிட்ட இல்ல. வந்ததும் நேரா லேசப்பன் முன்னாடி போய் நின்னா. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. இருட்டுல அது யாருக்குத் தெரியும், ஆனாலும் குனிஞ்சாரு. பொடிச்சி சொன்னா:

"விளக்கு எரியற வரைக்கும் சூடு நமக்குச் சொந்தம் இல்ல, பெரியவரே. வரவர வெளியில விட்டாத்தான் கிட்ட நிக்க முடியும்."

யாழி, ம் எங்க?

ம்... ம்.

ரெண்டாவது தடவை சேந்தாங்க. இந்த முறை யாரும் சூட்டுக்கு ஆசைப்படலை. பொடிச்சி ஊதினா, மத்த பொடிக்காரங்களும் ஊதினாங்க. ஃபூ, ஃபூ, ஃபூ. கூட்டம் ஜில்லுனு அடங்கி நெருங்குச்சு. ஆனா பாரு, அந்த மேகம் ஆதியில இருந்தே மெதுவா ஒரு சுத்து சுத்திக்கிட்டு இருந்திருக்கு. பெருசா பரந்து கெடந்தப்போ யாருக்கும் தெரியலை. நீ கூட மொட்டை மாடியில கையை விரிச்சுக்கிட்டுச் சுத்திட்டுச் சட்டுனு கையை மார்போட மடக்கினா என்னாகும்? விர்ருனு வேகம் எடுக்கும்ல? அதேதான். உள்ள நெருங்க நெருங்க கிறுகிறு, கிறுகிறு, கும்மி அடிக்கிற மாதிரி ஆரம்பிச்சது ராட்டினமா ஆயிடுச்சு. தலை சுத்தி, பிடி நழுவி, விர்ர், விர்ருனு ஆளாளுக்குத் தெறிச்சுப் போயிட்டாங்க.

பொடிச்சி உக்காந்து யோசிச்சா. ஓரத்துக்குத் தெறிச்சவங்க சுத்தைத் தங்களோட எடுத்துக்கிட்டுப் போனாங்க, அந்த நேரத்துல நடுவுல வேகம் கொஞ்சம் குறைஞ்சுதுன்னு அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. அப்போ கொஞ்சம் பேரு உள்ள வராம, வெளியிலயே வட்டமா ஓடிக்கிட்டு, இந்தச் சுத்தை வாங்கிக்கணும். யாரு வாங்கிக்குவா? ஊரைக் கூட்டிக் கேட்டா. எல்லாருக்கும் நடுவுலதான் இடம் வேணும். டவுன் பஸ்ல படியில நிக்கிறேன்னு யாரு சொல்லுவா, உங்க அண்ணனைத் தவிர?

அப்போ தூரத்துல இருந்து சாம்பி குரல் வந்துச்சு. "வெளியில நின்னா வெளிச்சம் தெரியுமாக்கா?"

தங்கச்சியை ஓரத்துல நிறுத்தப் பொடிச்சிக்கு மனசு வரலை. ஆனா தங்கச்சிகிட்ட பொய் சொல்லிப் பழக்கமும் இல்ல. "வெளியில நின்னாத்தாண்டி தெரியும்"னா.

"அப்போ நான் நிக்கிறேன்"னா சாம்பி.

அவ சொன்னதும் பொடிக்காரங்கள்ல நிறைய பேரு நாங்களும் நிக்கிறோம்னு வந்துட்டாங்க. காத்துக்காரங்க கொஞ்சம் பேரும் வெக்கப்பட்டுக்கிட்டு வந்தாங்க. வட்டம் கட்டியாச்சு. ஆனா பொடிச்சி வட்டத்துல நிக்க முடியாது. நடுவுல கூட்டத்தோட கூட்டமா ஒருத்தி நின்னு சூட்டை வாங்கி ஊதலைன்னா, முதல் தடவை ஆன கதிதான் ஆகும். அந்த வேலை அவளை விட யாருக்குக் கைவந்த வேலை? நடுவுல போற பொடிக்காரங்க திரும்பி வர்றதில்லை யாழி. கடைசியில சூடு அடிக்கிறப்போ உருகி ஆவியாப் போயிடுவாங்க. அம்மா சொல்லிப் பொடிச்சிக்கு அது தெரியும். சாம்பிக்குத் தெரியாது. பொடிச்சி சொல்லவும் இல்ல, முதல் தடவையா தங்கச்சிகிட்ட பொய் சொன்னா. விளக்கு எரிஞ்சதும் நான் வந்துடுவேன், நீ அங்கயே ஓடிக்கிட்டு இருன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அழாதேடி. கதை இன்னும் முடியலை. இந்தா, தலையணையை இப்படித் திருப்பிப் போட்டுக்கோ, ஜில்லுனு இருக்கும்.

மூணாவது தடவை. வெளியில வட்டம் விர்ருனு ஓடுது. உள்ள கூட்டம் உருண்டையா சுருங்குது. பொடிச்சி ஊதுறா, ஊதுறா. நடுவுல மங்கலா, அணையப் போற சாம்பிராணித் தணல் மாதிரி ஒரு சிவப்பு வந்துச்சு. எல்லாரும் உத்து உத்துப் பாக்குறாங்க. அந்தச் சிவப்பு அதுக்கு மேல ஏறவே இல்ல. பொசுக், பொசுக்குனு அப்படியே கெடக்கு. ஆளு பத்தலை. மேகத்தோட அந்தக் கோடியில இருந்தவங்க நமக்கென்னன்னு வராமலே இருந்துட்டாங்க. அவங்களும் வந்து அமுக்கினாத்தான் விளக்கு ஏறும்.

சாம்பி வட்டத்துல இருந்து மெதுவா கேட்டா, இதுதான் வெளிச்சமாக்கா? ஆமான்னு சொன்னா அந்தப் பொண்ணு இதையே வெளிச்சம்னு நினைச்சுக்கிட்டுத் திருப்தியாயிடுவா. இது இல்லடி, இன்னும் கொஞ்சம் பொறுன்னு சொன்னா. எவ்வளவு பொறுக்கணும்னு அவளுக்கே தெரியாது.

அப்போ, ஊருக்கு அந்தப் பக்கம் செவத்தாயின்னு ஒரு பெரிய நட்சத்திரம் இருந்துச்சு. ரொம்பப் பெரிய உடம்பு, வயசும் ஆயிடுச்சு. அவ வெளிச்சம் இருட்டூருக்குள்ள நுழையாது, அதனால அவ இருக்கிறதே இவங்களுக்குத் தெரியாது. அவளுக்குக் காலம் முடிஞ்சுது. சும்மா முடியலை. டமார்னு வெடிச்சா. அந்த வெடிப்போட அலை வந்து இருட்டூரோட அந்தக் கோடியில மோதுச்சு பாரு, தும்முன்னு ஒரு தள்ளு. வரமாட்டேன்னு நின்னவங்க எல்லாம் பொலபொலன்னு உள்ள வந்து விழுந்தாங்க. திருவிழாக் கூட்டத்துல பின்னாடி இருந்து தள்ளுவாங்களே, முன்னாடி நிக்கிறவன் காலு தரையில படாம போவானே, அப்படி ஒரு நெரிசல்.

நடுவுல சூடு குபுகுபுன்னு ஏறுச்சு. பொடிச்சி ஊதிப் பாக்குறா, மூச்சு வெளியில போகவே மாட்டேங்குது. சுத்தி அவ்வளவு கூட்டம். அவ ஓரமெல்லாம் கருகுது, தோலு உதிருது. அவ மடியில ஜோடி சேந்தவங்க எல்லாம் சூடு தாங்காம கோத்த கையை விட்டுட்டாங்க. ஆனா யாரும் ஓடலை. பொடிச்சி கண்ணை மூடிக்கிட்டா. சாம்பி பாத்துடுவா, அது போதும்னு நினைச்சுக்கிட்டா. ஆனாலும் அவளுக்குப் பயமாத்தான் இருந்துச்சு, தங்கச்சி மூஞ்சியை ஒரு தடவை பாத்துட்டுப் போயிருக்கலாமேன்னு ஏக்கமாவும் இருந்துச்சு.

அப்போ லேசப்பன் அந்த நெரிசல்ல முண்டியடிச்சுக்கிட்டு அவகிட்ட வந்தாரு. அவரு சொன்னாரு, "போதும் பொடிச்சி. இனிமே வர்ற சூடு எங்களோடது. நீ கிளம்பு."

எப்படிக் கிளம்புறது, வழி எங்க இருக்கு? சுத்திலும் கூட்டம், அதைத் தாண்டி வட்டம். ஆனா மேலயும் கீழயும் கூட்டம் கம்மி. இந்த மாதிரி விளக்குப் பொறக்குறப்போ மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பீச்சல் கிளம்பும், தண்ணிக் குழாய் உடைஞ்சா சர்ர்ருனு அடிக்குமே அந்த மாதிரி. லேசப்பன் குரல் கொடுத்தாரு. அவ மடியில கல்யாணம் ஆன அத்தனை பேரும் ஒண்ணா சேந்து, அம்மா, போயிட்டு வாங்கம்மான்னு அவளைத் தூக்கி அந்தப் பீச்சல்ல போட்டாங்க. சர்ர்ர்ருனு மேல போனா பொடிச்சி. போனா, போனா, மேல எங்கயோ போய், வேகம் குறைஞ்சு, பஞ்சு மாதிரி அசைஞ்சு அசைஞ்சு இறங்கி வந்து, பொத்துனு வட்டத்துல விழுந்தா.

எங்க விழுந்தோம்னு தெரியலை. உள்ள வந்து விழுந்த கூட்டம் அந்தச் சிவப்பையும் மறைச்சுட்டதால இன்னும் இருட்டு. உடம்பெல்லாம் எரியுது. குரலே வரலை. இருந்தாலும் "ஓய்"னா.

"ம்"னு காதுக்குப் பக்கத்துலயே வந்துச்சு.

பொடிச்சி தடவிப் பாத்தா, சாம்பி கை. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டாங்க, கெட்டியா. அப்போதான் உள்ள இருந்தவங்க எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் இறுகி, இனி இறுக இடமே இல்லைன்னு ஆகி, திகுதிகுன்னு பத்திக்கிச்சு. பளிச்!

வெளிச்சம்டி. மஞ்சளா, வெள்ளையா, திசை எல்லாம் வெளிச்சம். வட்டத்துல ஓடினவங்க அப்படியே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்து, ஓ நீதானா அதுன்னு கேக்குறாங்க, சிரிக்கிறாங்க, அழறாங்க. உள்ள போன லேசப்பனுக்கு அது எதுவும் தெரியலை. விளக்கா ஆனவங்களுக்கு வெளிச்சம் தெரியாது. அவரு எரிஞ்சுக்கிட்டு இருந்தாரு, சந்தோஷமாத்தான் இருந்தாரு.

பொடிச்சி மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. சூட்டுல மூஞ்சியெல்லாம் கருகி, ஓரமெல்லாம் உருகிக் கோணலாயிடுச்சு, தங்கச்சி முதல் தடவையா பாக்குறப்போ இப்படியா பாக்கணும்னு வெக்கம். அதனால அவ விளக்கைக் காட்டினா. அங்க பாருடி சாம்பி, பாரு, இத்தனை காலமா என்னைப் போட்டுப் பிடுங்கினியே, வெளிச்சம்னா என்ன, வெளிச்சம்னா என்னன்னு, அதோ அதுதான், நல்லா கண்ணு நிறைய பாத்துக்கோன்னா.

சாம்பி அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அக்கா தாடையைப் பிடிச்சா.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்க்கா. முதல்ல நீ இப்படித் திரும்பு."

பொடிச்சி திரும்பினா.

கதை படுத்தாச்சு, நீயும் படு.